35,000 ரூபாயில் முதல் எலக்ட்ரிக் கிடாரும் ஆம்பும்: எதில் எவ்வளவு போடலாம்?

வடபழனி_வாசி

வணக்கம். கையில 35,000 இருக்கு. கிடார், ஆம்ப், கேபிள், பை எல்லாம் இதுக்குள்ள முடியணும். அக்கூஸ்டிக்ல ஓப்பன் கார்டு, பார் கார்டு வரும். எலக்ட்ரிக் புதுசு. வாசிக்க ஆசைப்படறது எண்பதுகள்ல வந்த தமிழ்ப் பாட்டுல பின்னாடி ‘சக் சக்’னு வெட்டி வெட்டி வர்ற கிளீன் கிடார், அப்புறம் கொஞ்சம் ராக். அப்பார்ட்மென்ட் வீடு, ராத்திரி ஒன்பதுக்கு மேலதான் நேரம்.

கடையில பார்த்தது யமஹா பசிஃபிகா 012, ஸ்க்வையர் சோனிக் ஸ்ட்ராட், ஐபனெஸ் கியோ வரிசையில ஒண்ணு. இது போக கிடார், 10 வாட் ஆம்ப், பை, பெல்ட், பிக் எல்லாம் ஒரே பெட்டியில பத்தாயிரத்துக்கு ஒரு காம்போ இருக்கு. காம்போவை வாங்கிட்டு மிச்சத்தைக் கையில வச்சுக்கலாமா? இப்போதைக்கு ஆம்ப் இல்லாம வீட்டு ஹோம் தியேட்டர்ல சொருகி வாசிக்கலாமா?

சாலிடர்_வாசம்

ஹோம் தியேட்டர் கேள்வியை முதல்ல முடிச்சிடறேன். வேண்டாம் தம்பி. கிடார் பிக்கப்ல (தந்தி அதிர்வை மின் சிக்னலாக்கற காந்தச் சுருள்) இருந்து வர்றது ரொம்ப மெல்லிய சிக்னல். அதை வாங்கிக்கிற இன்புட் 1 மெகா ஓம் அளவுல இருந்தாதான் மேல் ஸ்வரங்களோட பளபளப்பு உயிரோட வரும். ஹோம் தியேட்டரோட ஆக்ஸ் இன்புட் சில பத்தாயிரம் ஓம்தான் இருக்கும், சிக்னலை அங்கேயே அமுக்கிடும். கிளீனா வாசிச்சா போர்வைக்குள்ள இருந்து கேட்கிற மாதிரி மந்தமா வரும். சரின்னு ராக் கரகரப்பு தர்ற ஒரு டிஸ்டார்ஷன் பெடல் போட்டா நிலைமை தலைகீழ். கிடார் ஆம்புல இருக்கிற ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல தானாவே இறங்கிடும், அதனாலதான் டிஸ்டார்ஷன் கேட்க நல்லா இருக்கு. ஹோம் தியேட்டர் ட்வீட்டர் எல்லாத்தையும் அப்படியே துப்பும். தகரத்தை ஆணியால கீறற சத்தம் வரும்.

ப்ளூடூத் ஸ்பீக்கர் இன்னும் மோசம். மீட்டினதுக்கும் காதுல விழறதுக்கும் நடுவுல நூறு மில்லி செகண்டுக்கு மேல போயிடும். தாளம் நிக்கவே நிக்காது.

காம்போ பெட்டியும் வேண்டாம். அந்த விலையில முதல்ல கைவிடறது மரமோ பிக்கப்போ இல்ல. விரல்பலகையில குறுக்கே பதிச்ச உலோகக் கம்பி, அதான் ஃப்ரெட், அதோட ஓரத்தைச் சரியா தேய்க்காம விட்டிருப்பாங்க, கையை மேலே கீழே கொண்டு போகும்போது உள்ளங்கையைக் கிழிக்கும். தலைப்பக்கம் தந்திகள் உட்கார்ற சின்னக் கட்டைதான் நட், அதுல பள்ளம் ஆழமா வெட்டியிருக்காது. ட்யூனிங் கீ பல் லூஸா இருக்கும், ரெண்டு பாட்டுக்கு ஒரு தடவை சுருதி இறங்கும். கத்துக்கறவர் ‘எனக்குத்தான் காது சரியில்ல’ன்னு நினைச்சுப்பார். அதான் எனக்குப் பெரிய வருத்தம். கிடாரோட தப்பை ஆள் மேல போட்டுட்டு வாசிப்பையே விட்டுடறாங்க.

நான் பிரிக்கிற கணக்கு: கிடாருக்கு 19-20 ஆயிரம், ஆம்புக்கு 10-11 ஆயிரம், மிச்சம் நாலாயிரத்தைத் தொடாம வைங்க. அதுல செட்டப் கூலி (கிடாரை வாசிக்கத் தோதா அளவு சரிபண்றது), 3 மீட்டர் கேபிள், ரெண்டு செட் ஸ்ட்ரிங், ஸ்ட்ராப், கொஞ்சம் கனமான பை. எல்லாரும் மறக்கறது இந்த நாலாயிரத்தைத்தான்.

ஆறாம்_தந்தி

நீங்கள் சொன்ன மூன்றும் உருப்படியான கிடார்கள்தான். பெயரை வைத்துத் தேர்ந்தெடுக்காமல் எந்த ஒலி வேண்டும், கைக்கு எது சேரும் என்று பாருங்கள்.

நீங்கள் கேட்கும் ‘சக் சக்’ ஒலி சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள் பிக்கப்பின் குணம். அதிலும் ஸ்ட்ராட் வகைக் கிடாரில் ஐந்து நிலை ஸ்விட்ச்சை நெக் பிக்கப்பும் நடு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும் இடைநிலையில் வைத்தால், உள்ளே கொஞ்சம் வெற்றிடம் இருப்பது போன்ற அந்தத் துள்ளலான ஒலி கிடைக்கும். பசிஃபிகா 012-இல் பிரிட்ஜ் (உடம்பில் தந்திகள் முடியும் இடம்) பக்கம் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்), மற்ற இரண்டும் சிங்கிள் காயில். ஆக, இந்த இடைநிலை உங்களுக்குக் கிடைக்கும்; ராக்குக்கு ஹம்பக்கரும் கையில் இருக்கும். உங்கள் தேவைக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

சோனிக் ஸ்ட்ராட்டில் மூன்றுமே சிங்கிள் காயில். கிளீன் ஒலிக்கு இன்னும் பொருத்தம். ஆனால் ஆம்பில் கெய்ன் (சிக்னலைப் பெருக்கும் அளவு) ஏற்றினால் வீட்டு மின்சாரத்தின் உறுமலையும் சேர்த்துப் பிடிக்கும். டியூப்லைட் சோக், ஃபேன் ரெகுலேட்டர், மொபைல் சார்ஜர் எல்லாமே அதற்குத் தீனி. இடைநிலையில் நடு பிக்கப் எதிர்ச்சுற்றாக இருந்தால் உறுமல் அடங்கும், தனியாக ஒலிக்கும்போது அடங்காது. கிடாரைக் கையில் வைத்தபடி உடம்பை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், ஏதோ ஒரு திசையில் உறுமல் சட்டென்று குறையும். அந்தத் திசையில் உட்கார்ந்து வாசிப்பதுதான் செலவில்லாத வைத்தியம்.

ஐபனெஸில் எது என்று நீங்கள் சொல்லவில்லை. ஃப்ளாய்ட் ரோஸ் வகைப் பூட்டு பிரிட்ஜ் (தந்திகளைப் பூட்டி வைக்கும், அசையும் பிரிட்ஜ்) இருந்தால் முதல் கிடாராக அது வேண்டாம். ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தின் சுருதியும் ஏறிவிடும், ஸ்ட்ரிங் மாற்ற அலன் கீயோடு அரை மணி நேரம் உட்கார வேண்டும். அசையாத பிரிட்ஜ் உள்ள மாடல் என்றால் தாராளமாக வாங்கலாம்.

கைக்குச் சேர்வது என்றேனே, அது இரண்டு அளவில் இருக்கிறது. ஒன்று ஸ்கேல் நீளம், அதாவது நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை தந்தி அதிரும் நீளம். ஃபெண்டர் வகையில் 648 மில்லிமீட்டர், லெஸ் பால் வகையில் ஏறக்குறைய 628. குறைந்த நீளத்தில் அதே தந்தி கொஞ்சம் தளர்ந்து மெத்தென்று இருக்கும். இன்னொன்று விரல்பலகையின் வளைவு. ஸ்க்வையரில் 241 மில்லிமீட்டர் ஆரம், ஐபனெஸ் கியோவில் சில மாடல்களில் 400. எண் குறைந்தால் வளைவு அதிகம். கார்டு பிடிக்கக் கைக்கு இதம். எண் கூடினால் பலகை தட்டை. தந்தியை இழுத்து வளைக்கச் சுலபம்.

கோரிப்பாளையம்_கார்டு

நான் இதுக்கு எதிர்க்கட்சி. ராத்திரி ஒன்பதுக்கு மேல அப்பார்ட்மென்ட்ல வாசிக்கப் போறாரு. ஆம்ப் வாங்கி மூலையில வச்சு என்ன செய்யப் போறாரு? ஹெட்போன்தானே மாட்டப் போறாரு? அதுக்குப் பதிலா கிடாருக்கே முப்பதாயிரத்தைப் போட்டு பசிஃபிகா 112வி எடுங்கண்ணே. டோன் நாபை மேலே இழுத்தா ஹம்பக்கர் பாதியாப் பிரிஞ்சு சிங்கிள் காயிலாயிடும், மரமும் ஆல்டர். பல வருஷத்துக்கு மாத்தத் தேவையில்ல. அதே வரிசையில 112ஜேன்னு ஒண்ணு வரும், அதுல இந்தப் பிரிப்பு கிடையாது, பார்த்து வாங்குங்க. மிச்சப் பணத்துல கிடார் ஜாக்லயே சொருகற வாக்ஸ் ஆம்ப்ளக் ஒண்ணு போதும். ஆம்ப் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.

சாலிடர்_வாசம்

112வி நல்ல கிடார், அதுல சண்டையே இல்ல. ஆனா முதல் வருஷம் முழுக்க ஹெட்போன்லயே போறதை நான் ஒத்துக்க மாட்டேன். எலக்ட்ரிக்ல பாதி வேலை வாசிக்காத தந்தியை அமுக்கி வைக்கறது. அக்கூஸ்டிக்ல தானா அடங்கிப் போற தந்தியெல்லாம் இதுல ஆம்ப் வழியா பெரிசாகி வரும். ஸ்பீக்கர்ல கேட்கும்போதுதான் எந்தத் தந்தி கூடவே முனகுதுன்னு தெரியும். பளபளன்னு ரிவெர்ப் போட்ட ஹெட்போன் சத்தம் அதையெல்லாம் மூடி மறைச்சிடும்.

சின்ன சத்தத்துக்கே ஒழுங்கா ஒலிக்கிற ஆம்ப், அதுல ஹெட்போன் ஓட்டையும் இருக்கணும். அப்படித் தேடினா ரெண்டு பிரச்சினையும் தீரும்.

வாட் கணக்குல ஏமாந்துடாதீங்க. காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமாத் தெரியணும்னா பத்து மடங்கு வாட் வேணும். 10 வாட் ஆம்பை விட 20 வாட் ஆம்ப் 3 டெசிபல்தான் கூட. படுக்கையறைக்கு 5 வாட்டே அதிகம். வித்தியாசம் காட்டறது ஸ்பீக்கர் அகலமும் பெட்டியோட அளவும். ஆறாம் தந்தியோட (இருக்கறதுலயே தடிச்சது) அதிர்வு 82 ஹெர்ட்ஸ். 4 அங்குல ஸ்பீக்கர்ல அது வெறும் ‘டக்’னு கேட்கும், 8 அங்குலத்துல உடம்பு வரும்.

உங்க பணத்துக்குள்ள தேட வேண்டிய பேருங்க: ஆரஞ்ச் க்ரஷ் 12 (6 அங்குல ஸ்பீக்கர், அனலாக், எளிமை), ஃபெண்டர் ஃப்ரண்ட்மேன் 10ஜி (அதுவும் 6 அங்குலம், கிளீன் நல்லா இருக்கும், டிஸ்டார்ஷன் சுமார்), பாஸ் கட்டானா மினி (7 வாட், 4 அங்குலம், ஆறு டபுள்-ஏ பேட்டரியிலயும் ஓடும்). கொஞ்சம் மேலே போக முடிஞ்சா ஃபெண்டர் மஸ்டாங் எல்டி25: 8 அங்குலம், உள்ளேயே பல ஆம்ப் ஒலிகள், ஹெட்போன், யூஎஸ்பி. பழசா கட்டானா 50 கிடைச்சா யோசிக்காதீங்க. 12 அங்குல ஸ்பீக்கர், பவரை 0.5 வாட்டுக்கு இறக்கற வசதி. வீட்டுக்கும் ஆகும், சின்ன மேடைக்கும் ஆகும்.

வால்வ் ஆம்ப் (வெற்றிடக் குழாய்ல ஓடறது) இப்போ வேண்டாம். 5 வாட் வால்வ் ஆம்பே அது இனிக்கிற இடத்துக்கு ஏத்தினா பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

நிழல்_நோட்டு

வீட்டில் லேப்டாப் இருக்கிறதா? இருந்தால் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ மாதிரி ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு நல்ல கம்பி ஹெட்போன். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் இலவசம். உண்மையான ஆம்புகளைப் பிடித்து வைத்த கோப்புகளை அதில் ஏற்றலாம். இந்த விலைக்குள் கிடைக்கும் சின்ன ஆம்புகளை விட ஒலி நன்றாகவே இருக்கும்.

பலர் சறுக்கும் இடம் மூன்று. இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்’ என்ற பொத்தானை அழுத்த மறப்பது. மறந்தால் மேலே சொன்ன அதே மந்தமான ஒலிதான். அடுத்து விண்டோஸில் ஏசியோ என்ற தாமதம் குறைந்த ஆடியோ டிரைவரைத் தேர்ந்தெடுக்காமல் விடுவது. விட்டால் மீட்டி முடித்த பிறகு ஒலி வரும். ஏசியோ போட்டு பஃபர் 128 சாம்பிள், 48,000 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் ஒரு பஃபரின் தாமதம் 2.7 மில்லி செகண்ட்தான். உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று, மற்ற சில்லறைத் தாமதங்கள் எல்லாம் சேர்ந்தாலும் கைக்கு உறுத்தாது. மூன்றாவது, ஆம்ப் கோப்பை மட்டும் ஏற்றிவிட்டு ஸ்பீக்கர் பெட்டியின் ஒலிக்குணத்தைப் பதிந்த ஐஆர் கோப்பை விட்டுவிடுவது. அப்போதும் அதே தகரச் சத்தம்தான்.

ஆனால் சாலிடர்_வாசம் சொல்வதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. லேப்டாப் திறந்து, மென்பொருள் ஏறி, டிரைவர் பேசி முடிப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடும். ஆம்ப் என்றால் ஸ்விட்ச் போட்டவுடன் வாசிக்கலாம். வேலை முடிந்து வந்து அரை மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் அந்தப் பத்து நிமிடம் சின்ன விஷயமில்லை. லேப்டாப் வழியை ரெக்கார்டிங் ஆசை உள்ளவர்களுக்குத்தான் முதல் வழியாகச் சொல்வேன்.

சுருதி_சேர்

இழையைக் கொஞ்சம் திசைதிருப்புவதற்கு மன்னிக்கவும். கர்நாடக சங்கீதம் வாய்ப்பாட்டு பத்து வருஷம். எலக்ட்ரிக் கிடாரில் கமகம் வாசிக்க எது தோது? ஸ்ரீனிவாஸ் எலக்ட்ரிக் மாண்டலினில் வாசித்ததையும் பிரசன்னா எலக்ட்ரிக் கிடாரில் வாசிப்பதையும் கேட்டிருக்கிறேன், அதனால் கேட்கிறேன்.

ஆறாம்_தந்தி

திசைதிருப்பலே இல்லை, நல்ல கேள்வி. அக்கூஸ்டிக்கில் 12 அளவுத் தந்தியை (முதல் தந்தியின் கனம் 0.012 அங்குலம்) போட்டுக்கொண்டு ஒரு ஸ்வரம் இழுப்பதற்குள் விரல் தேய்ந்துவிடும். எலக்ட்ரிக்கில் 9-42 செட் போட்டால் முதல் தந்தியின் இழுவிசை ஏறக்குறைய 6 கிலோதான். 10-46 என்றால் 7 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். தந்தியைப் பலகையின் குறுக்கே தள்ளி இரண்டு ஸ்வர தூரம் இழுக்கும்போது இந்த ஒரு கிலோ வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஜாருவுக்குத் தந்தியின் மேலேயே விரலைச் சறுக்கிக்கொண்டு போகலாம், ஃப்ரெட் உயரமாக இருந்தால் அது படிக்கட்டு இறங்குவது போலக் கேட்கும். கம்பிதத்துக்கு (ஸ்வரத்தை ஆட்டுவது) அதே உயர ஃப்ரெட் உதவி, விரல்நுனி பலகையில் உரசாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

பலகை தட்டையாக இருக்கட்டும், 300 மில்லிமீட்டருக்கு மேல் ஆரம். வளைவான பலகையில் ஆக்‌ஷனைத் (ஃப்ரெட்டுக்கு மேல் தந்தி நிற்கும் உயரம்) தாழ்த்தி வைத்துவிட்டு மெல்லிய தந்தியை இழுத்தால், அது பலகையின் மேட்டில் ஏறும்போது அடுத்த ஃப்ரெட்டில் இடித்துச் சட்டென்று செத்துவிடும். பசிஃபிகா 112வியின் ஆரம் 350. அசையும் பிரிட்ஜ் வேண்டாம். ஒரு தந்தியை இழுக்கும்போது பிரிட்ஜே முன்னால் சாய்ந்து மற்ற தந்திகளின் சுருதியை இறக்கும். கூடவே ஒலிக்கும் ஆதார ஷட்ஜம் நெளியும். பாடகர் காதுக்கு அது தாங்காது.

ஏற்கெனவே அசையும் பிரிட்ஜ் உள்ள கிடாரை வைத்திருந்தால் பின்பக்க மூடியைக் கழற்றுங்கள். பிரிட்ஜின் இரும்புக் கட்டைக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து, அதே கனத்துக்கு ஒரு மரத்துண்டைச் செதுக்கி இரண்டு பக்கமும் இறுக்கிவிடுங்கள். ஸ்பிரிங் அப்படியே இருக்கட்டும். திரும்ப வேண்டுமென்றால் துண்டை எடுத்தால் போதும், கிடாருக்குச் சேதமில்லை.

வடபழனி_வாசி

எல்லாருக்கும் நன்றி. பசிஃபிகா 012, ஆரஞ்ச் க்ரஷ் 12னு மனசு வந்திருக்கு. ரெண்டு சந்தேகம். தெரிஞ்சவர் ஒருத்தர் அமெரிக்காவுல இருந்து கொண்டு வந்த ஆம்பை ரொம்ப மலிவாத் தர்றேன்கிறார், பின்னாடி 120 வோல்ட்னு போட்டிருக்கு. வாங்கலாமா? கடையில கிடாரை எடுத்துப் பார்க்கும்போது என்னென்ன சோதிக்கணும்?

சாலிடர்_வாசம்

120 வோல்ட் ஆம்பை நம்ம 230 வோல்ட் ப்ளக்ல சொருகினா ஃப்யூஸ் போறது அதிர்ஷ்டம், ட்ரான்ஸ்ஃபார்மர் எரியறது விதி. ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வச்சு ஓட்டலாம்தான். ஆனா ஆம்ப் குடிக்கிற வாட்டை விட ரெண்டு மடங்கு தாங்கறதா வாங்கணும், அதோட கனத்தையும் தூக்கிட்டு அலையணும். விலைக் குறைச்சல் அதுலயே போயிடும். அடாப்டர்ல ஓடற சின்ன ஆம்பா இருந்தா அடாப்டர் மேல 100-240 போட்டிருக்கான்னு பாருங்க, போட்டிருந்தா கவலையில்ல.

கரென்ட் பேச்சு வந்ததால எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிடறேன், இதைத் தள்ளிப் போடாதீங்க. மூணு பின் ப்ளக்ல பெரிய பின்தான் எர்த். பழைய வீடுகள்ல அந்த ஓட்டைக்குப் பின்னாடி வயரே இருக்காது. கிடாரோட தந்தி எல்லாம் ஆம்பு வழியா எர்த்தோட சேர்ந்திருக்கு. தந்தியைத் தொட்டா உறுமல் குறையும், அது இயல்பு, பயப்பட வேண்டாம். தொட்டா உறுமல் ஏறுதுன்னா பிரிட்ஜுக்குப் போற எர்த் வயர் விட்டுப் போயிருக்கு, ஒரு பொட்டு சாலிடர் வேலை. தொட்டா சுருக்னு குத்துதுன்னா வாசிக்கறதை அப்பவே நிறுத்துங்க, ப்ளக்கைப் பிடுங்குங்க, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்க. மைக்கும் கிடாரும் வேற வேற ப்ளக்ல இருந்து வரும்போது உதட்டுல அடிக்கிற ஷாக் இதனாலதான் வருது. எர்த் பின்னை உடைச்சுட்டு ரெண்டு பின்னாக்கினா உறுமல் போகும்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. உயிர் விஷயம்.

ஆறாம்_தந்தி

கடையில் ஆம்பில் சொருகுவதற்கு முன் வெறும் கிடாராகப் பத்து நிமிடம் பாருங்கள். அண்ணா சாலை பக்கம் பெரிய கடைகளில் ஒரே மாடலில் இரண்டு மூன்று கேட்டால் எடுத்துத் தருவார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். ஒரே தொழிற்சாலை, ஒரே மாடல் என்றாலும் கிடாருக்குக் கிடார் மாறும்.

ஹெட்ஸ்டாக் (கிடாரின் தலை) பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் நெக்கின் இரண்டு ஓரத்தையும் பாருங்கள். இரண்டும் ஒரே கோட்டில் போக வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் நெக் முறுக்கியிருக்கிறது, அதற்கு வைத்தியமில்லை, கீழே வைத்துவிடுங்கள். முன்னே பின்னே லேசாக வளைந்திருந்தால் பரவாயில்லை, ட்ரஸ் ராட் (நெக்குக்குள் இருக்கும் இரும்புக் கம்பி) பார்த்துக்கொள்ளும்.

பிறகு ஆறு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் ஒரு முறை மீட்டுங்கள். கரகரப்பு எங்கே வருகிறது என்பதுதான் செய்தி. திறந்த தந்தி மட்டும் கரகரத்தால் நட் பள்ளம் ஆழமாகிவிட்டது. முதல் ஐந்து ஃப்ரெட்டில் வந்தால் நெக் தேவைக்கு மேல் நேராக இருக்கிறது அல்லது பின்னோக்கி வளைந்திருக்கிறது. ட்ரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்தினால் போகும். பன்னிரண்டுக்கு மேல் வந்தால் ஆக்‌ஷன் தாழ்வு. ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் வந்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் எழும்பி நிற்கிறது, வேறு கிடார் கேளுங்கள்.

நெக்கின் ஓரத்தில் உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள். மாதக்கணக்கில் ஏசி அறையில் தொங்கிய கிடாரில் மரம் வற்றி, ஃப்ரெட் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு ஆம்பில் சொருகி, வால்யூம் டோன் நாபுகளைத் திருப்பி, ஸ்விட்ச்சின் ஐந்து நிலையையும் மாற்றி, கேபிள் ஜாக்கை லேசாக ஆட்டிப் பாருங்கள். நாப் கரகரத்தால் ரிச்சி தெருவில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் ஒரு பீய்ச்சு போதும். ஜாக் ஆடினால் அதன் திருகு நட்டை இறுக்கினால் சரி. இவை குறையே அல்ல.

கோரிப்பாளையம்_கார்டு

அண்ணே, செட்டப் செட்டப்னு சொல்றீங்களே, என்ன அளவுன்னு போட்டுருங்க. கடைக்காரர் செஞ்சது சரியான்னு பார்க்கவாவது ஆகும்.

சாலிடர்_வாசம்

வேணும்கிற கருவி ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஒரு ஃபில்லர் கேஜ். டூவீலர் மெக்கானிக் டாப்பெட் செட் பண்ண வச்சிருப்பாரே, அதேதான். எந்த ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையிலயும் கிடைக்கும்.

புது ஸ்ட்ரிங் போட்டு, சுருதி சேர்த்துட்டுதான் ஆரம்பிக்கணும். முதல் ஃப்ரெட்ல காப்போ (தந்திகளை அமுக்கிப் பிடிக்கிற கவ்வி) போட்டு, ஆறாம் தந்தியை நெக் உடம்போட சேர்ற இடத்துல அமுக்குங்க. இப்போ தந்திதான் உங்க நேர்கோல். ஏழு எட்டாவது ஃப்ரெட் பக்கம் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல 0.25 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கணும். கூடுதலா இருந்தா ட்ரஸ் ராடை வலச்சுற்றுல இறுக்கணும், குறைவா இருந்தா இடச்சுற்றுல தளர்த்தணும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதுக்கு மேல வேண்டாம். திரும்ப சுருதி சேர்த்து அளந்து பாருங்க. கீ சரியா உட்காரலைன்னா திருப்பவே திருப்பாதீங்க. அறுகோண ஓட்டை வழுக்கிப் போச்சுன்னா அப்புறம் ரொம்பப் பெரிய வேலை.

அடுத்து ஆக்‌ஷன். காப்போவை எடுத்துட்டு 12ஆவது ஃப்ரெட்ல ஆறாம் தந்தி 2 மில்லிமீட்டர், முதல் தந்தி 1.6. சேடில்ல (பிரிட்ஜ்ல ஒவ்வொரு தந்தியும் உட்கார்ற துண்டு) இருக்கிற குட்டி ஸ்க்ரூவை 1.5 மில்லிமீட்டர் அலன் கீயால திருப்பணும். பிக்கப் உயரம் கடைசி ஃப்ரெட்டை அமுக்கிக்கிட்டு அளக்கணும், ஆறாம் தந்தி பக்கம் 2.4, முதல் தந்தி பக்கம் 2. சத்தம் கூடும்னு சிங்கிள் காயிலை ரொம்ப மேலே ஏத்தினா காந்தம் தந்தியையே இழுத்துடும். மேல் ஃப்ரெட்கள்ல ஒரே ஸ்வரம் ரெண்டா அலையற மாதிரி கேட்கும்.

கடைசியா இன்டொனேஷன், அதாவது மேல் ஃப்ரெட்லயும் சுருதி சரியா நிக்கறது. 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேல தொட்டு வர்ற ஹார்மோனிக்கும் அங்கேயே அமுக்கி மீட்டறதும் ட்யூனர்ல ஒண்ணா நிக்கணும். அமுக்கினது ஏறிக் காட்டினா சேடிலைப் பின்னாடி தள்ளுங்க, இறங்கிக் காட்டினா முன்னாடி. இந்த வரிசையை மாத்தாதீங்க. முதல்ல இன்டொனேஷன் பார்த்துட்டு அப்புறம் ட்ரஸ் ராடைத் தொட்டா எல்லாம் கலைஞ்சு போகும்.

வடபழனி_வாசி

வாங்கியாச்சு! பசிஃபிகா 012, க்ரஷ் 12. கடையில மூணு எடுத்துப் பார்த்து, நெக் நேரா இருந்ததை எடுத்தேன். 9-42 ஸ்ட்ரிங். அண்ணா சொன்ன அளவெல்லாம் வீட்டுல பார்த்தேன்: ரிலீஃப் (காப்போ போட்டு அளந்த இடைவெளி) 0.25, ஆக்‌ஷன் 2 / 1.7. ஆனா ஒண்ணு மட்டும் புரியல. ட்யூனர்ல திறந்த தந்தி ஆறும் துல்லியமா இருக்கு, ஈ மேஜர் கார்டு பிடிச்சா மூணாவது தந்தி மட்டும் ஏறி நிக்கிற மாதிரி காதுல உறுத்துது. மேல பார் கார்டா பிடிச்சா அவ்வளவு இல்ல.

சுருதி_சேர்

இதற்கு நான் ஒரு பாதிப் பதில் சொல்லலாம். ஈ மேஜரில் மூன்றாவது தந்தியின் முதல் ஃப்ரெட்தான் அந்தர காந்தாரம். கிடாரின் ஃப்ரெட்கள் சம இடைவெளிச் சுருதியில் இருப்பதால் அந்தக் காந்தாரம் தம்பூராவில் காது கேட்டுப் பழகிய காந்தாரத்தை விட 14 சென்ட் கூடுதல் (ஒரு ஃப்ரெட் தூரம் நூறு சென்ட்). எந்தக் கிடாரிலும், எவ்வளவு விலை கொடுத்தாலும் அப்படித்தான். பார் கார்டிலும் அது இருக்கும். ஆனால் மேலே போகப் போக உறுத்தல் குறைகிறது என்கிறீர்களே, அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

ஆறாம்_தந்தி

சரியாகப் பிடித்தீர்கள். காதை நம்பாமல் ட்யூனரிடம் கேளுங்கள். மூன்றாவது தந்தியை மட்டும் முதல் ஃப்ரெட், மூன்றாவது ஃப்ரெட், பன்னிரண்டாவது ஃப்ரெட் மூன்றிலும் தனித்தனியாக மீட்டி, எத்தனை சென்ட் என்று எழுதுங்கள். ஃப்ரெட்டை ஒட்டி, ஒலி தெளிவாக வரும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். அக்கூஸ்டிக்கில் பழகிய கை தேவைக்கு இரண்டு மடங்கு அழுத்தும். மெல்லிய தந்தியில் அதுவே சில சென்ட் ஏற்றிவிடும்.

வடபழனி_வாசி

மெதுவா அழுத்தி மூணு தடவை பார்த்தேன். முதல் ஃப்ரெட் 13 சென்ட் கூட, மூணாவது 5 கூட, பன்னிரண்டாவது பூஜ்யம்.

சாலிடர்_வாசம்

அப்போ நட் உயரம்தான். பன்னிரண்டுல பூஜ்யம்னா இன்டொனேஷன் சரியா இருக்கு, சேடிலைத் தொடாதீங்க. நட் பக்கம் தந்தி உயரமா நின்னா, முதல் ஃப்ரெட்ல அமுக்கும்போது தந்தி அவ்வளவு தூரம் கீழே வளையணும், வளைஞ்சா இழுபடும், இழுபட்டா சுருதி ஏறும். நட்டை விட்டு விலக விலக அந்த விளைவு குறையும். உங்க எண்ணு மூணும் அதைத்தான் சொல்லுது.

கண்ணால பார்க்கணுமா, மூணாவது தந்தியை ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல அமுக்கிக்கிட்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேல பாருங்க. அங்கே சாதாரண ஏ4 தாள் ஒண்ணு நுழையற இடம்தான் இருக்கணும், 0.1 மில்லிமீட்டர் சுமார். விசிட்டிங் கார்டு தாராளமா நுழைஞ்சா உயரம் அதிகம். ஆறு தந்திக்கும் இப்படிப் பார்த்துக் குறிச்சுக்கோங்க.

இதை நீங்களே செய்ய வேண்டாம். ஒவ்வொரு தந்தி அகலத்துக்கும் தனி அரம் இருக்கு, ஹாக்ஸா பிளேடால தேய்ச்சா பள்ளம் அகலமாகி தந்தி உள்ளே ஆடும். ஆழம் கொஞ்சம் கூடினாலும் திறந்த தந்தி கரகரக்கும், நட்டையே மாத்தணும். வாங்கின கடையில செட்டப் செய்யறவர்கிட்ட குடுங்க. இப்போ போட்டிருக்கிற 9-42 ஸ்ட்ரிங்கோடவே கொண்டு போங்க, கழட்டிட்டுப் போகாதீங்க, இதே அளவுதான் தொடர்ந்து போடப் போறேன்னும் சொல்லிடுங்க. பள்ளம் ஹெட்ஸ்டாக் பக்கம் லேசா சரிவா இருக்கட்டும், தந்தி கடைசியா உட்கார்ற இடம் ஃப்ரெட் பக்க விளிம்பா இருக்கணும்னு கேளுங்க. வீட்டுக்கு வந்ததும் பென்சில் முனையை அந்தப் பள்ளத்துல ஒரு தடவை உரசிடுங்க. ட்யூன் பண்ணும்போது ‘டிங்’னு குதிக்கிறது நின்னுடும்.

வடபழனி_வாசி

ஏ4 தாள் வச்சுப் பார்த்தேன். மூணாவதுலயும் நாலாவதுலயும் விசிட்டிங் கார்டு நுழையுது, மத்த நாலுலயும் தாள் அளவுதான். சனிக்கிழமை கடைக்குக் கொண்டு போறேன், அந்த ரெண்டு பள்ளத்தை மட்டும் இறக்கச் சொல்றேன்.

சாலிடர்_வாசம்

அந்த ரெண்டு மட்டும் போதும். திரும்ப வாங்கறதுக்கு முன்னாடி கடையிலேயே முதல் ஃப்ரெட்டை ட்யூனர்ல பாருங்க, 5 சென்ட்டுக்குள்ள வந்தா எடுத்துட்டு வாங்க.